கரன்ட் ஒயரிலேயே இன்டர்நெட்: பவர்லைன் அடாப்டர் உங்க வீட்டுக்கு செட் ஆகுமா? வாங்கும் முன் மெயின் போர்டைப் பாருங்க!

வாசல் அறையில் வைஃபை ஃபுல் சிக்னல். கூடத்தைத் தாண்டினால் பாதி. கொல்லைப்பக்க அறைக்குப் போனால் ஒரே ஒரு கோடு. மாடி ஏறினால் அதுவும் இல்லை.

புதுச்சேரி - விழுப்புரம் சாலையில், வில்லியனூர் கொம்யூனில் இருக்கிறது அரியூர். இந்தப் பகுதிக் கிராமங்களில் பழைய வீடுகள் அகலம் குறைவாகவும் நீளம் அதிகமாகவும் இருக்கும். பழைய வீட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கான்கிரீட் கட்டு, மேலே ஒரு மாடி அறை என வீடு வளர்ந்துகொண்டே போகும். ஆனால் ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் தெருவை ஒட்டிய அறையில்தான் ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார். கடைசி அறையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பில் இருக்கும் மாணவிக்கோ, சென்டாக் கலந்தாய்வுக்கு விருப்பப் பாடங்களைப் பதிவு செய்யும் மாணவருக்கோ, சிக்னல் அறுந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் பிரச்னைக்குப் பலர் சொல்லும் தீர்வுகளில் ஒன்று பவர்லைன் அடாப்டர். "சுவர்ல ஓட்டை போட வேணாம், ஒயர் இழுக்க வேணாம், பிளக்ல சொருகினா போதும்" என்பதுதான் இதன் விளம்பரம். அது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதியை உங்கள் வீட்டு மெயின் போர்டுதான் முடிவு செய்யும். எப்படி என்று விரிவாகப் பார்க்கலாம்.

பவர்லைன் அடாப்டர் என்றால் என்ன?

கொஞ்சம் பெரிய மொபைல் சார்ஜர் போல இருக்கும் கருவி இது. ஜோடியாகத்தான் விற்கப்படும். ஒன்றை ரூட்டர் இருக்கும் அறையின் பிளக் பாயிண்டில் மாட்டி, ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை அதில் சொருக வேண்டும். இன்னொன்றை சிக்னல் எட்டாத அறையின் பிளக் பாயிண்டில் மாட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவே சுவருக்குள் ஓடும் கரன்ட் ஒயரே இன்டர்நெட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இரண்டாவது அடாப்டரில் லேன் கேபிள் மூலம் கம்ப்யூட்டர், ஸ்மார்ட் டிவி ஆகியவற்றை இணைக்கலாம். சில மாடல்கள் அங்கேயே வைஃபையும் கொடுக்கும். மொபைல்தான் உங்கள் தேவை என்றால், வைஃபை உள்ள மாடலா என்று கேட்டு வாங்க வேண்டும். லேன் மட்டும் உள்ள மாடலை வாங்கிவிட்டு "போன்ல வரலியே" என்று ஏமாறுவது சகஜம்.

230 வோல்ட் ஓடும் ஒயரில் இன்டர்நெட் எப்படி?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகிறது. பவர்லைன் அடாப்டர் அதே கம்பியில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது நொடிக்கு 20 லட்சம் முறைக்கு மேல் துடிக்கும் மெல்லிய சிக்னலை ஏற்றுகிறது. இரண்டும் ஒரே கம்பியில் ஓடினாலும் அதிர்வெண்ணில் இவ்வளவு இடைவெளி இருப்பதால், மறுமுனையில் இருக்கும் அடாப்டர் மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு சிக்னலை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளும்.

சிக்னலை ஒரே அலையாக அனுப்பாமல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு அலைகளாகப் பிரித்து அனுப்புவது இதன் உத்தி. எந்த அலையில் இரைச்சல் அதிகமோ அதில் குறைவான தகவலும், சுத்தமாக இருக்கும் அலையில் அதிகத் தகவலும் போகும். இரைச்சல் கூடக் கூட வேகம் குறையும். இணைப்பு உடனே அறுந்துவிடாது, மெல்ல மெல்லத் தேயும். வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதற்குக் காரணம் இதுதான்.

இது புது டெக்னாலஜியா?

இல்லை. மின்வாரியங்கள் பல பத்தாண்டுகளாக உயர் அழுத்த மின்பாதைகளிலேயே தங்கள் துணை மின் நிலையங்களுக்கு இடையே தொலைபேசி பேசிவந்தன. துணை மின் நிலையத்தில் மின்கம்பி நுழையும் இடத்தில் உருளை வடிவில் பெரிய கம்பிச் சுருள் தொங்குவதைப் பார்த்திருக்கலாம். பேச்சு சிக்னல் நிலையத்தின் மற்ற கருவிகளுக்குள் போய்விடாமல் தடுப்பது அதன் வேலை. இப்போது அந்த இடத்தை ஃபைபர் பிடித்து வருகிறது.

வீட்டுக்கான பவர்லைன் கருவிகளுக்கு ஹோம்பிளக் என்ற தரநிலை 2001-ல் வந்தது. அப்போது அதிகபட்ச வேகம் 14 எம்பிபிஎஸ். 2005-ல் வந்த ஹோம்பிளக் ஏவி அதை 200 எம்பிபிஎஸ் ஆக்கியது. 2010-ல் ஐஇஇஇ 1901 என்ற சர்வதேசத் தரநிலையும், 2012-ல் இன்னும் வேகமான ஏவி2-வும் வந்தன.

தெரு முழுக்க மின்கம்பி வழியாகவே இன்டர்நெட் கொடுக்கவும் முயற்சி நடந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மனாசஸ் நகரம் 2005-ல் ஊர் முழுக்க இந்தச் சேவையைக் கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் போதவில்லை. 2010-ல் நிறுத்திவிட்டார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பிரான்ஸ் நாட்டில் இந்தத் தொழில்நுட்பம் வேறு விதத்தில் வெற்றி பெற்றது. அங்கே 2015 டிசம்பர் முதல் பொருத்தப்பட்ட 'லிங்கி' ஸ்மார்ட் மீட்டர்கள், ரீடிங்கை மின்கம்பி வழியாகவே அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வரை அனுப்புகின்றன. குறைந்த தகவல், குறைந்த தூரம் என்றால் கரன்ட் ஒயர் நன்றாகவே வேலை செய்யும் என்பதற்கு இது சாட்சி.

பெட்டியில் 600, 1000... உண்மையில் எவ்வளவு வரும்?

பெட்டியின் மேல் 'ஏவி600', 'ஏவி1000' என்று பெரிதாக இருக்கும். அது சோதனைக்கூடக் கணக்கு. போகும் தகவல், வரும் தகவல், பிழை திருத்தும் தகவல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் எண். அதில் மூன்றில் ஒரு பங்கு கையில் கிடைத்தாலே நல்ல ஒயரிங் என்று அர்த்தம். பழைய ஒயரிங் என்றால் பத்தில் ஒரு பங்குகூட வராமல் போகலாம்.

இன்னொரு விஷயம் உண்டு. ஏவி500, ஏவி600 வகைகளில் பெரும்பாலும் இருப்பது 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட். எவ்வளவு நல்ல ஒயரிங் இருந்தாலும் அந்த 100-ஐத் தாண்டவே தாண்டாது. கிகாபிட் போர்ட் வேண்டும் என்றால் ஏவி1000 அல்லது அதற்கு மேலான வகையைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பயப்படத் தேவையில்லை. ஹெச்டி தரத்தில் வீடியோ கால் பேச 4 எம்பிபிஎஸ் அளவுக்கு இருந்தால் போதும். முழு ஹெச்டி படம் பார்க்க 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு. கொல்லைப்பக்க அறையில் நிலையாக 20 எம்பிபிஎஸ் வந்தாலே ஒரு மாணவரின் தேவைக்குத் தாராளம். வேகத்தைவிட, அது அறுந்து அறுந்து வராமல் இருப்பதுதான் முக்கியம்.

முதல் கேள்வி: வீட்டில் மீட்டர் எத்தனை?

இனிதான் முக்கியமான பகுதி. கடைக்குப் போகும் முன், வாசலில் இருக்கும் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்.

இரண்டு அடாப்டர்களும் ஒரே மீட்டருக்குப் பின்னால் இருக்க வேண்டும். இது அடிப்படை விதி. அண்ணன், தம்பி பாகம் பிரித்துக்கொண்ட வீடு, மாடியை வாடகைக்கு விட்டுத் தனி மீட்டர் வாங்கிய வீடு என்றால், பார்வைக்கு ஒரே கட்டடமாக இருந்தாலும் மின்சாரக் கணக்கில் அது இரண்டு வீடு. சில நேரம் ஒரு மீட்டரிலிருந்து இன்னொரு மீட்டருக்கு சிக்னல் கசிந்து போகும் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பிப் பணம் போடக்கூடாது.

வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கும் இதே கதைதான். விவசாய இணைப்பு தனி சர்வீஸ். வீட்டு ரூட்டரிலிருந்து மோட்டார் கொட்டகை சிசிடிவி கேமராவுக்குப் பவர்லைன் மூலம் இணைப்பு கொடுக்க முடியாது.

அரியூர்ப் பக்கம் இன்னொரு விசேஷம். புதுச்சேரியின் எல்லை நேர்கோடாக இருக்காது. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் மின்சாரம் தருவது புதுச்சேரி மின்துறை, அந்தப் பக்கம் தமிழ்நாட்டு மின் நிறுவனம். ஒரே குடும்பத்தின் இரண்டு வீடுகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருந்தால், பவர்லைன் என்ற யோசனையையே விட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்வி: சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?

சிங்கிள் பேஸ் வீடு என்றால் கவலை இல்லை. வீடு முழுக்க ஒரே பேஸ் கம்பிதான். சிக்னல் எல்லா அறைக்கும் போக வாய்ப்பு உண்டு.

ஏசி, பெரிய மோட்டார் இருப்பதால் த்ரீ பேஸ் வாங்கிய வீடுகளில்தான் சிக்கல். அங்கே சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று பேஸ் கம்பிகள் வரும். எலக்ட்ரீஷியன் கூடத்துக்கு ஒரு பேஸ், மாடிக்கு ஒரு பேஸ், சமையலறைக்கு ஒரு பேஸ் என்று பிரித்துக் கொடுத்திருப்பார். ரூட்டர் அறை சிவப்பு பேஸிலும், மாடி அறை நீல பேஸிலும் இருந்தால் சிக்னல் நேராகப் போக வழியில்லை. பக்கத்துப் பக்கத்தில் ஓடும் கம்பிகளுக்கு இடையே தாவும் கொஞ்சநஞ்ச சிக்னல்தான் போய்ச் சேரும். வேகம் படுத்துவிடும்.

எந்த அறை எந்த பேஸ் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவி எதுவும் வேண்டாம். "ஒரு பேஸ் போயிடுச்சு" என்று பாதி வீடு இருட்டாகும் நாள் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குக் கவனியுங்கள். ரூட்டர் அறையும், இன்டர்நெட் வேண்டிய அறையும் ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிந்தால் இரண்டும் ஒரே பேஸ். ஒன்று எரிந்து ஒன்று அணைந்திருந்தால் வேறு வேறு பேஸ். அந்த நாளுக்குக் காத்திருக்க முடியாது என்றால், எலக்ட்ரீஷியனிடம் கேட்டால் மெயின் போர்டைத் திறந்து சொல்லிவிடுவார்.

பல வீடுகளில் பேஸ் மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒரு பேஸ் போனால் அதைத் திருப்பி வேறு பேஸுக்கு மாற்றிக்கொள்வார்கள். பவர்லைன் போட்ட வீட்டில் இது தெரியாமல் குழப்பம் வரும். காலையில் நன்றாக ஓடிய இன்டர்நெட் மாலையில் இழுத்தால், நடுவில் யாராவது அந்த சுவிட்சைத் திருப்பினார்களா என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாவது கேள்வி: இன்வெர்ட்டர் எங்கே?

நம் ஊர் வீடுகளில் பலர் தடுக்கி விழும் இடம் இது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் லைட், ஃபேன், ஒன்றிரண்டு பிளக் பாயிண்ட் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும். மற்றவை நேரடி லைனில் இருக்கும்.

ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் லைனிலும் மற்றொன்று நேரடி லைனிலும் இருந்தால், சிக்னல் இன்வெர்ட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குள் இருக்கும் வடிகட்டி சிக்னலை உறிஞ்சிவிடும். கரன்ட் போனாலோ கதை முடிந்தது. நேரடி லைனில் இருக்கும் அடாப்டர் அணைந்துவிடும்.

ரூட்டருக்குத் தனியாகச் சின்ன யுபிஎஸ் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கரன்ட் போனாலும் ரூட்டர் எரியும், வாசல் அறையில் வைஃபை வரும். ஆனால் அடாப்டருக்கு 230 வோல்ட் தேவை. அந்தச் சின்ன யுபிஎஸ் அதைத் தராது. பின்னறையில் இணைப்பு அறுந்துவிடும்.

மின்வெட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்றால் இரண்டு அடாப்டர்களையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக் பாயிண்டுகளில்தான் மாட்ட வேண்டும். அப்போதும், சைன் வேவ் அல்லாத பழைய வகை இன்வெர்ட்டர் என்றால் அது கிளப்பும் இரைச்சலில் வேகம் குறையும்.

வேகத்தைக் குடிக்கும் வீட்டுச் சாமான்கள்

- எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர்: அடாப்டரை இதில் மாட்டவே கூடாது. மின்சாரத்தில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காகவே செய்யப்பட்டது ஸ்பைக் பஸ்டர். உங்கள் இன்டர்நெட் சிக்னலையும் அது இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் நேரடியாக மாட்ட வேண்டும்.
- மலிவான மொபைல் சார்ஜர், எல்இடி பல்பு: உள்ளே இருக்கும் மின்சுற்று தொடர்ந்து இரைச்சல் கிளப்பும். அடாப்டருக்குப் பக்கத்து சாக்கெட்டில் சார்ஜர் மாட்டாதீர்கள்.
- மிக்சி, தண்ணி மோட்டார், வாஷிங் மெஷின்: இவை ஓடும் நேரத்தில் மட்டும் வேகம் விழும். காலை எட்டு மணிக்கு மிக்சி ஓடும்போது ஆன்லைன் வகுப்பு உறைந்து நின்றால் காரணம் இதுதான்.
- பழைய ஒயரிங், தளர்ந்த ஜாயிண்ட்: டேப் சுற்றிய ஒவ்வொரு ஜாயிண்டிலும் சிக்னல் கொஞ்சம் சிதறும். சுவிட்ச் போட்டால் 'சர்ர்' என்று சத்தம் வரும் போர்டில் அடாப்டர் மாட்டுவது ஆபத்தும்கூட. முதலில் ஒயரிங்கைச் சரி செய்யுங்கள்.

பிரான்ஸிலிருந்து வந்த அடாப்டரைப் பயன்படுத்தலாமா?

புதுச்சேரிக்கே உரிய கேள்வி இது. பிரான்ஸில் இருக்கும் உறவினர்கள் ஊருக்கு வரும்போது இந்த அடாப்டரைக் கொண்டுவருவது உண்டு. அங்கே இதை 'சிபிஎல்' என்பார்கள். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் கருவி எரிந்துபோகாது. பிரச்னை பிளக்கில்.

பிரெஞ்சு பிளக்கின் இரண்டு முள்களும் 4.8 மில்லிமீட்டர் தடிமன். நம் ஊர் 6 ஆம்பியர் பிளக்கின் முள்கள் சுமார் 5.1 மில்லிமீட்டர். உள்ளே போகும், ஆனால் தளர்வாக நிற்கும். தளர்வான இணைப்பு சூடாகும், பொறி பறக்கும். எர்த் இணைப்பும் கிடைக்காது. ஏனென்றால் அங்கே எர்த் முள் சாக்கெட்டில் இருக்கும், பிளக்கில் துளைதான் இருக்கும்.

எர்த் இல்லாவிட்டால் பாதுகாப்பு மட்டும் அல்ல, வேகமும் குறையும். ஏவி2 வகையின் வேகமான மாடல்கள் பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பிகளையும் பயன்படுத்தித்தான் அந்த வேகத்தை எட்டுகின்றன. எர்த் கிடைக்காதபோது இரண்டு கம்பிகளோடு நின்றுவிடும்.

சில சாக்கெட்டுகளில் எர்த் முள் நுழைந்தால்தான் மற்ற இரண்டு துளைகள் திறக்கும். அதைத் திறக்க ஸ்க்ரூ டிரைவரையோ பேனா முனையையோ எர்த் துளையில் சொருகுவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த்தில் கோளாறு இருக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 1293-க்கு ஏற்ற பிளக் உள்ள மாடலை வாங்குவதே நல்லது.

மாட்டுவது எப்படி?

1. முதலில் இரண்டு அடாப்டர்களையும் ரூட்டர் அறையிலேயே அடுத்தடுத்த பாயிண்டுகளில் மாட்டுங்கள்.
2. ரூட்டரின் லேன் போர்ட்டிலிருந்து முதல் அடாப்டருக்கு கேபிள் கொடுங்கள்.
3. முதல் அடாப்டரில் உள்ள 'பேர்' பட்டனை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்குள் இரண்டாவதிலும் அழுத்துங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் ஜோடி சேர்ந்துவிட்டது.
4. இரண்டாவது அடாப்டரில் ஒரு லேப்டாப்பை இணைத்து வேகத்தைப் பாருங்கள். பக்கத்தில் வைத்தே வேகம் வரவில்லை என்றால் கோளாறு கருவியில். வீட்டு ஒயரிங்கைக் குறை சொல்ல முடியாது.
5. பிறகு இரண்டாவதை வேண்டிய அறைக்கு மாற்றி மறுபடி பாருங்கள். அந்த அறையில் இரண்டு மூன்று பாயிண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் சோதியுங்கள். ஒரே அறையிலேயே வேகம் மாறும்.
6. காலை, மாலை, மோட்டார் ஓடும் நேரம் என மூன்று முறை சோதித்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

ஒரு ஜோடி சில ஆயிரம் ரூபாய் ஆகும். உங்கள் வீட்டில் ஓடுமா என்று மாட்டிப் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். அதனால் திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்குங்கள், பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு அடாப்டர் 3 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டும் நாள் முழுக்க ஓடினாலும் மாதத்துக்கு 4 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும்.

பக்கத்து வீட்டுக்காரர் நம் இன்டர்நெட்டைப் பார்க்க முடியுமா?

சிக்னல் மீட்டரோடு நின்றுவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே கம்பத்திலிருந்து ஒரே பேஸ் எடுக்கும் பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் கசியலாம். அதற்காகத்தான் தகவல் 128 பிட் ஏஇஎஸ் முறையில் பூட்டி அனுப்பப்படுகிறது.

ஆனால் கடையிலிருந்து வரும்போது ஹோம்பிளக் கருவிகளுக்குப் பொதுவான ஒரே சாவிதான் இருக்கும். 'பேர்' பட்டனை அழுத்திய பிறகுதான் உங்கள் ஜோடிக்கென்று தனிச் சாவி உருவாகும். பட்டனை அழுத்தாமலே சில நேரம் இன்டர்நெட் வரும். வந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், அந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள்.

இடி, மழை நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது மிக முக்கியம். மின்கம்பியில் மின்னல் தாக்கினால் அந்த அதிர்ச்சி பிளக்கில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் வரும். பவர்லைன் அடாப்டர் கூடுதல் சிக்கல். அதை ஸ்பைக் பஸ்டரில் மாட்டவும் முடியாது, அதிலிருந்து லேன் கேபிள் வழியே ரூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் வழி திறந்திருக்கிறது. இடி இடிக்கத் தொடங்கும் முன்பே அடாப்டரைப் பிளக்கிலிருந்து கழற்றி, லேன் கேபிளையும் உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயின் போர்டில் எஸ்பிடி எனப்படும் மின்னதிர்ச்சித் தடுப்பான் பொருத்தினால் மொத்த வீட்டுக்கும் கூடுதல் பாதுகாப்பு.

2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது தரையை ஒட்டிய பிளக் பாயிண்டுகள்தான். அடாப்டரை உயரமான பாயிண்டில் மாட்டுங்கள். நனைந்த பாயிண்டை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

இதற்குப் பதில் வேறு என்ன வழி?

பவர்லைன் அடாப்டர் முதல் தீர்வு அல்ல. இந்த வரிசையில் யோசிப்பதே சரி.

முதலில், ரூட்டரை இடம் மாற்ற முடியுமா என்று பாருங்கள். வாசல் மூலையிலிருந்து கூடத்தின் நடுவுக்கு, உயரமான இடத்துக்கு மாற்றினாலே பல வீடுகளில் பாதிப் பிரச்னை தீரும். ஃபைபர் கேபிளை நீட்டித் தரச் சொல்லி இணைப்பு கொடுத்தவரிடமே கேட்கலாம்.

இரண்டாவது, லேன் கேபிள். ஒரு பிவிசி பைப் வைத்து வெளிச்சுவர் வழியாக ஒரே ஒரு கேட்6 கேபிளைக் கொண்டுபோக முடிந்தால், எந்தப் பவர்லைனும் அதற்கு ஈடாகாது. 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் கிடைக்கும், மிக்சி ஓடினாலும் குறையாது. முழுத் தாமிரக் கேபிளா என்று கேட்டு வாங்குங்கள். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிள் மலிவு, ஆனால் நீடிக்காது. கரன்ட் ஒயர் போகும் அதே பைப்பில் லேன் கேபிளை விடக்கூடாது.

மூன்றாவது, மெஷ் வைஃபை. நடுவில் கதவு, திறந்த முற்றம் என்று சிக்னல் போக வழி இருக்கும் வீடுகளுக்கு ஏற்றது. தடித்த சுவர், கான்கிரீட் தளம் இருந்தால் திணறும்.

நான்காவது, தனித்தனிக் கட்டடங்கள். பின்னால் தனியாகக் கட்டிய வீட்டுக்குத் தாமிரக் கேபிளை வெட்டவெளியில் இழுத்தால், மின்னல் தாக்கும்போது இரண்டு வீட்டுக் கருவிகளும் போகும். அங்கே ஃபைபர் கேபிளும், இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டரும் வைப்பது பாதுகாப்பு. உலோகக் கம்பி சேர்க்காத ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. வயல் கொட்டகை போன்ற தூரத்து இடம் என்றால், நடுவில் மரம் மறைக்காத பட்சத்தில் ஒன்றை ஒன்று பார்த்தபடி வைக்கும் வெளிப்புற வயர்லெஸ் கருவி அல்லது சிம் கார்டு போடும் கேமரா சரியாக இருக்கும்.

சுவரை உடைக்க முடியாத, பைப் ஓட்ட இடமில்லாத, மெஷ்ஷும் எட்டாத வீட்டுக்குத்தான் பவர்லைன் அடாப்டர்.

அப்போ யார் வாங்கலாம், யார் வாங்கக் கூடாது?

வாங்கலாம்: ஒரே மீட்டர், சிங்கிள் பேஸ் அல்லது இரண்டு அறையும் ஒரே பேஸ், நல்ல நிலையில் ஒயரிங், சரியான எர்த், சுவரில் நேரடி பிளக் பாயிண்ட். இந்த ஐந்தும் இருந்தால் நம்பிக்கையோடு முயற்சி செய்யலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

வேண்டாம்: தனித்தனி மீட்டர், வேறு வேறு பேஸ், ஒரு பக்கம் இன்வெர்ட்டர் லைன் மறுபக்கம் நேரடி லைன், எர்த் இல்லாத பழைய ஒயரிங். இதில் ஒன்று இருந்தாலும் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் ஒருமுறை வந்து பார்ப்பதற்கு ஆகும் செலவு, ஓடாத அடாப்டரின் விலையைவிடக் கண்டிப்பாகக் குறைவு.